ஐபேடும் தமிழ் வகுப்பும்: சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ் வகுப்பில் ஐபேட், குரோம்புக், இணையக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி ஆசிரியர் அறையிலும் பயிலரங்குத் தேநீர் வேளையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர்களை மனத்தில் வைத்துத் தொகுத்தது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அதிகம் சொல்லவில்லை. அவை அடிக்கடி இடம் மாறும்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இனிமேல் போய் இதையெல்லாம் கற்க வேண்டுமா?

வேண்டும். ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

கல்வி அமைச்சின் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் வந்தது 1997இல். இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் வேலையில் சேர்ந்த காலம் அது. அதே 1997இல்தான், கணினியிலும் இணையத்திலும் தமிழை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று பேசப் பல நாட்டுத் தமிழர்கள் சிங்கப்பூரில் கூடினார்கள். தமிழ்நெட் 97 என்ற அந்தக் கூட்டத்துக்கு முன்நின்றவர் தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி. ஆகவே இந்த ஊர்த் தமிழாசிரியர் கணினிக்குப் புதியவர் என்ற பேச்சை நாமே கிளப்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் இரண்டு முக்கியம். 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் அமைச்சின் இணையப் பாடத் தளமான மாணவர் கற்றல் தளம் வந்தது. அப்புறம் கொவிட் வந்ததால் திட்டம் விரைவுபடுத்தப்பட்டு, 2021இல் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கற்றல் சாதனம் கிடைத்தது. இரண்டையும் முழுதாகக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. வகுப்பை நன்றாக அறிந்த ஆசிரியர் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் கருவியைத் தொடுகிறார். அதனால் அவருக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

மைக்கிலிருந்து. வினாடி வினாவோ, வண்ணமயமான படவில்லைகளோ, அசையும் பொம்மைகளோ பிறகு வரட்டும். ஐபேடில் இருக்கும் சிறிய மைக்தான் தமிழ் வகுப்புக்குக் கிடைத்த பெரிய வசதி.

காரணம் நம் பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழை அப்படிப் பேசுவோர் 2.5 விழுக்காடு. தமிழ் மாணவர்களில் கணிசமானவர்களுக்கு நம் வகுப்புதான் தமிழ் பேசக் கிடைக்கும் முக்கியமான இடம், சிலருக்கு அது மட்டுமே இடம். இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேர் உள்ள வகுப்பு, ஒரு மணி நேரம். ஆசிரியர் பேச்சில் பாதி போய்விட்டது என்று வைத்தாலும், எஞ்சிய நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அதையும் முன்வரிசைப் பேச்சாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். பதிவு செய்யச் சொன்னால் இருபது பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசி முடிப்பார்கள்.

செய்வது எளிது. மாணவர் கற்றல் தளத்தில் ஒரு திறந்தநிலைக் கேள்வியைப் போட்டு, பதிலைக் குரலாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு படம் அல்லது ஒரு சிறு காணொளி போதும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலும் சாதாரண நிலைத் தேர்விலும் வாய்மொழி உரையாடலுக்குக் காணொளிதான் தூண்டுதல் என்பதால், தேர்வுக்கும் இதுவே பயிற்சி ஆகிவிடுகிறது. முதல் முறை பேசியதைப் பிள்ளை தானே கேட்கட்டும். பிறகு இரண்டாம் முறை பதிவு செய்யட்டும். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமலேயே இரண்டாவது பதிவு மேம்பட்டிருப்பதைப் பலமுறை பார்க்கலாம். தன் குரலைக் கேட்கும்போதுதான் 'மழை' 'மலை' ஆனது அதற்கே தெரிகிறது.

வகுப்பில் கையைத் தூக்காத பிள்ளை இருக்குமே, அதைக் கவனியுங்கள். எல்லாரும் பார்க்கப் பேசு என்றால் வாயைத் திறக்காது. மூலையில் திரும்பி உட்கார்ந்து ஐபேடிடம் பேசச் சொன்னால் பேசும்.

இருபது பேரும் ஒரே அறையில் பேசினால் சந்தைக் கடை ஆகாதா?

ஆகும். நடைபாதை, வகுப்பின் நான்கு மூலைகள், மைக் உள்ள காதொலிப்பான் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பேசினால் பின்னணி இரைச்சல் அவ்வளவாக விழாது. கொஞ்சம் சத்தம் இருந்தால் இருக்கட்டும். அது தமிழ்ச் சத்தம்தானே.

அத்தனை பதிவுகளையும் எப்போது உட்கார்ந்து கேட்பது?

நியாயமான கேள்வி. பயிலரங்குகளில் இதற்கு நேரான பதில் கிடைப்பது குறைவு. இருபது பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். மூன்று வகுப்புகள் இருந்தால் மாலைப் பொழுது போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்காதீர்கள். வாரத்துக்கு ஐந்து பேரை முழுதாகக் கேளுங்கள், மற்றவர்களுடையதில் முதல் அரை நிமிடம் போதும். ஒரு முறைக்கு ஒரு குறையை மட்டும் கவனியுங்கள்: இந்த வாரம் ழகரம், அடுத்த வாரம் வாக்கியத்தை முழுதாக முடிப்பது. பிள்ளைகள் இருவர் இருவராக மாற்றிக் கேட்டு, நல்லது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று என்று தமிழில் சொல்லட்டும். மதிப்பெண் போட வேண்டாம். போட ஆரம்பித்தால் பெற்றோர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை வாசிக்க ஆரம்பிக்கும்.

தமிழ்99 விசைப்பலகையா, ஆங்கில எழுத்தில் தட்டுவதா?

ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. விசைப்பலகை அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும், தனிச் செயலி தேவையில்லை. குரோம்புக்கிலும் இப்போதைய விண்டோஸிலும் தமிழ்99 உண்டு. அஞ்சல் முறையில் ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டினால் தமிழ் வரும். ஆசிரியர்களில் பலருக்கு அதுதான் கைப்பழக்கம். உங்கள் சொந்த வேலைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99 கற்றுக்கொடுங்கள் என்பேன். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய அந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ம தட்டி இ தட்டினால் மி. இலக்கணப் பாடத்தில் 'மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய்' என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை விரல் செய்து காட்டுகிறது. அ, ம, ம, ஆ என்று தட்டினால் நடுவில் புள்ளியைத் தானே வைத்து 'அம்மா' என்று எழுதிவிடும். ங தட்டி க தட்டினால் 'ங்க' வரும். இனவெழுத்து என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

ஆங்கில எழுத்தில் தட்டும் பிள்ளைக்கோ ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலம் வழியாகத்தான் வரும். ஏற்கனவே நாள் முழுதும் ஆங்கிலத்தில் இருக்கும் பிள்ளை அது. தமிழ் வகுப்பிலாவது தமிழ் எழுத்தைத் தேடித் தொடட்டும். முதல் சில வாரம் மெதுவாக இருக்கும், புலம்புவார்கள். தினமும் வகுப்புத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கொடுங்கள், போதும்.

குரலால் தட்டச்சு செய்ய விடலாமா? அது ஏமாற்று வேலை இல்லையா?

எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கூகலின் பேச்சறியும் நுட்பத்தில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு தேர்வுகள் உண்டு. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு மனத்தில் கதை நிறைய இருக்கும். பேசிக் கொட்டட்டும். திரையில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் கலந்து ஓர் அவியல் வந்து விழும். அதை எழுத்துத் தமிழாக மாற்றுவதுதான் அன்றைய பயிற்சி. 'போயிட்டு வந்தாங்க' என்பதை 'போய்விட்டு வந்தார்கள்' ஆக்கும்போது இரண்டு தமிழுக்கும் உள்ள தூரம் பிள்ளைக்குப் புரிகிறது. 2005ஆம் ஆண்டு பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் தனி இடம் இருக்கிறது. எனவே பேச்சு வழக்கைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம்.

உச்சரிப்பைச் சோதிக்க மட்டும் இதை நம்பாதீர்கள். பிள்ளை 'பலம் சாப்பிட்டேன்' என்றாலும் கருவி சூழலை வைத்து 'பழம்' என்று திருத்திப் போட்டுவிடக்கூடும். திரையில் பிழை இருக்காது, நாக்கில் இருக்கும்.

பழைய பயிற்சித்தாள்களைத் திறந்தால் கட்டம் கட்டமாக, புரியாத எழுத்துகளாகத் தெரிகிறது. எல்லாம் போச்சா?

போகவில்லை. ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத சாதனத்தில் எழுத்துகள் உளறும். எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகள் மூலம் ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு கொம்பு உள்ள எழுத்துகளையும் (கொ, கோ, கை) கிரந்த எழுத்துகளையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். இருபது ஆண்டுத் தாள்களை மொத்தமாக மாற்ற உட்காராதீர்கள். அடுத்த வாரம் எது தேவையோ அதை மட்டும் மாற்றுங்கள். பாதித் தாள்கள் இனித் தேவைப்படாது என்பது அப்போதுதான் தெரியும்.

சொல் தேடல், எழுத்துக் கலைப்பு விளையாட்டுகளில் தமிழ் உடைந்து போகிறதே?

உங்கள் தவறு இல்லை, ஐபேடின் தவறும் இல்லை. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆங்கிலத்தை மட்டும் நினைத்துச் செய்த கருவி ஒவ்வொரு குறியையும் ஓர் எழுத்தாக எண்ணி, புள்ளியைத் தனியே ஒரு கட்டத்தில் போட்டுவிடும். 'கொ' என்றால் க ஒரு பக்கம், கொம்பும் காலும் ஒரு பக்கம்.

எனவே புதிய கருவி எதைப் பார்த்தாலும் முதலில் 'கொக்கு', 'பணியாளர்', 'ஸ்ரீ' போன்ற சில சொற்களைப் போட்டுச் சோதியுங்கள். உடைத்தால் அதை எழுத்து அளவிலான விளையாட்டுக்கு விட்டுவிட்டு, சொல் அளவில் பயன்படுத்துங்கள்: சொற்களை வரிசைப்படுத்து, படத்தோடு பொருத்து, வாக்கியத்தை முடி. கஹூட் போன்ற வினாடி வினாக் கருவிகளில் முழுச் சொற்களை விடைகளாகக் கொடுத்தால் இந்தப் பிரச்சினை எழாது.

என் தமிழ் வகுப்பில் பல பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆளுக்கொரு வகைச் சாதனம்.

எந்தச் சாதனம் என்பதைப் பள்ளிகள்தாம் தேர்ந்தெடுக்கின்றன. ஒரு பள்ளியில் ஐபேட், அடுத்ததில் குரோம்புக், இன்னொன்றில் விண்டோஸ் மடிக்கணினி. தமிழ் கற்பிக்காத பள்ளிகளின் மாணவர்கள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற வேறோர் இடத்துக்கு வந்து படிப்பதால், இந்தத் தலைவலி மற்றப் பாட ஆசிரியர்களைவிட நமக்கு அதிகம். ஒரு சாதனத்தில் மட்டும் ஓடும் செயலிகளைத் தொடவே வேண்டாம். உலாவியில் திறக்கும் கருவிகளும் மாணவர் கற்றல் தளமும் போதும்.

தொடக்கப்பள்ளியில் ஆளுக்கொரு சாதனம் இல்லையே?

இல்லை. பள்ளியின் பொதுச் சாதனங்களை முன்பதிவு செய்துதான் எடுக்க வேண்டும். இருவருக்கு ஒன்று போதும், பேச்சுப் பயிற்சிக்கு அதுவே வசதி: ஒருவர் நிருபர், ஒருவர் பேட்டி கொடுப்பவர். கீழ்நிலை வகுப்புகளில் உள்நுழைவதற்கே பத்து நிமிடம் போகும். அதனால் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

பாடம் நடக்கும்போது வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாதனங்களில் மேலாண்மைச் செயலி இருக்கிறது. எந்தத் தளம் திறக்கும், எது திறக்காது என்று பள்ளி கட்டுப்படுத்தலாம். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப்பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் இடமில்லை என்பதால் ஒரு கவனச்சிதறல் குறைந்தது.

ஆனாலும் செயலி செய்யும் காவல் வேலைக்கு எல்லை உண்டு. நீங்கள் பேசும்போது திரை கவிழ்ந்திருக்க வேண்டும், வேலை நேரம் முடிந்ததும் மீண்டும் கவிழ வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே ஊன்றிவிடுங்கள். அப்புறம் வேலைக்கு நேர வரம்பு: 'ஏழு நிமிடம்' என்று சொன்னால் ஏழாவது நிமிடத்தில் நிறுத்துங்கள். பத்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் கொடுத்தால் எஞ்சிய பத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்கவா வேண்டும்.

வகுப்பு நடுவில் இணையம் போய்விட்டால்?

தாளில் ஒரு மாற்று வேலை எப்போதும் கையில் இருக்கட்டும். இணையம் மட்டும்தான் போகும் என்றும் எண்ணாதீர்கள். 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி மொபைல் கார்டியன் என்ற சாதன மேலாண்மைச் செயலி இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. 26 உயர்நிலைப்பள்ளிகளில் ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. அமைச்சு அந்தச் செயலியை எல்லா ஐபேடுகளிலிருந்தும் குரோம்புக்குகளிலிருந்தும் அகற்றியது. சாதனத்தில் மட்டும் குறிப்புகளை வைத்திருந்த பிள்ளைகள்தான் திண்டாடியிருப்பார்கள். கட்டுரையோ ஒலிப்பதிவோ, மாணவர் கற்றல் தளத்திலோ பள்ளிக் கணக்கின் மேகச் சேமிப்பிலோ ஒரு படி இருக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து கற்கும் நாளில் நேரலை வகுப்பு எடுக்கவே வேண்டுமா?

எல்லா நாளும் வேண்டாம். பிள்ளை தன் வேகத்தில் செய்யத்தான் அந்த நாள். எடுத்தால், காத்திருப்பு அறையை இயக்கி, திரையைப் பகிரும் உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், இணைப்பைப் பொதுவில் போடாதீர்கள். 2020 ஏப்ரலில் ஒரு நேரலை வகுப்பில் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படம் காட்டியதால் ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதையே அமைச்சு கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது.

செயற்கை நுண்ணறிவு கட்டுரை எழுதிக் கொடுக்கிறதே. இனி வீட்டுப்பாடம் எதற்கு?

உண்மைதான், பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். கண்டுபிடிக்கும் கருவிகளை, அதிலும் தமிழுக்கு, நம்ப வேண்டாம். ஒரு பிள்ளையை வீணாகக் குற்றம் சாட்டிவிட்டால் அந்தப் பிள்ளை தமிழை விட்டே விலகிவிடும்.

நம் ஊர்ப் பிள்ளையின் கட்டுரையில் பெருவிரைவு ரயிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியும் உணவங்காடி நிலையமும் வரும். இயந்திரத்தின் கட்டுரையில் இந்திய வழக்கில் மெட்ரோ ரயிலும் அமைச்சகமும் வரக்கூடும். இது ஆதாரம் ஆகாது, பேச்சுத் தொடங்க ஒரு நூல் முனை. 'இந்தப் பத்தியில் அவன் ஏன் திரும்பி வந்தான்? ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பு' என்று கேளுங்கள். எழுதியவர் சொல்லிவிடுவார். வீட்டுப்பாடத்தைக் குறைத்துவிட்டு, முதல் வரைவை வகுப்பிலேயே எழுத வைப்பதும் நல்ல வழி.

உங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு பயன்படும். ஒரே கருத்தறிதல் பகுதியை எளிய, நடுத்தர, கடின நிலைகளில் கேட்டால் சில நொடியில் கிடைக்கும். அப்படியே வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். சந்திப் பிழை, ஆங்கில வாசனை வீசும் வாக்கியம், இல்லாத பழமொழி மூன்றையும் சல்லடை போட வேண்டும். திருக்குறளைக் கேட்டால் சில வேளை குறள் போலவே ஒன்றைக் கட்டித் தரும். மூலத்தோடு ஒப்பிடாமல் பலகையில் எழுதாதீர்கள். மாணவர் பெயர், மதிப்பெண் எதையும் அதில் இட வேண்டாம்.

பெற்றோர் 'எந்நேரமும் திரைதானா, கையெழுத்து போச்சே' என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி சரி. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழ்க் கட்டுரையைக் கையால்தான் எழுத வேண்டும், கையெழுத்தை விட முடியாது. பேசுவதும் கேட்பதும் ஐபேடில், எழுதுவது பெரும்பாலும் தாளில் என்று பிரித்துக்கொண்டால் இந்தப் புகார் பாதியாகக் குறையும். இரவில் உயர்நிலைப்பள்ளிச் சாதனங்கள் தாமே உறங்கும் நேரமும் 2026இல் 11 மணியிலிருந்து 10.30க்கு முன்கொண்டுவரப்பட்டது என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது?

சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி உரிமை உண்டு. உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம், தேசிய கல்விக் கழகம், சிங்கப்பூர் ஆசிரியர் கழகம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அரை நாள் பயிலரங்கில் கேட்டதை அடுத்த வாரமே வகுப்பில் செய்யாவிட்டால் மறந்துவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரின் பாடத்தைப் பதினைந்து நிமிடம் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பள்ளியில் நீங்கள் ஒருவர்தான் தமிழாசிரியர் என்றால் சீன, மலாய் ஆசிரியர் வகுப்புக்குப் போங்கள், அவர்களுக்கும் இதே பாடுதான். மாணவர் கற்றல் தளத்தில் மற்ற ஆசிரியர்கள் பகிர்ந்த பாடங்களை நகலெடுத்து மாற்றிக்கொள்ளலாம். வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பிள்ளைகள் என்னைவிட வேகமாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேளுங்கள். ஒரே நிபந்தனை: விளக்கம் தமிழில் வர வேண்டும். 'இதை அழுத்துங்க, இங்க இழுங்க, பதிவேற்றுங்க' என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, வாய்மொழிப் பயிற்சி தானே நடக்கிறது. வாரம் இருவரை உதவியாளர்களாகப் போடுங்கள். அதிகம் பேசாத பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.